காற்றுக்காக வெட்டிய ஓட்டை

கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்க முடியாத வயதுக்கு நாம் எல்லோரும் வந்துவிட்டோம். தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் பிறந்து, காலையில் பீலித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்று வளர்ந்த என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால், ஒரு தகரப் பெட்டியில் ஓட்டை போட்டதற்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பார்கள்.

போன மாதம் என் மகன் தன் கம்பியூட்டர் பெட்டியைக் கழற்றி நடுவீட்டில் பரப்பி வைத்திருந்தான். பக்கத் தகட்டுக்குப் பதிலாகக் கண்ணாடி. உள்ளே நீலமும் ஊதாவுமாக வெளிச்சம். "வயரெல்லாம் எப்படி மறைச்சிருக்கேன் பாருங்கம்மா, ஒண்ணுமே தெரியாது" என்றான். குனிந்து பார்த்தேன். உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய், அடுப்பைப் பற்றவைக்காமல் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அப்பாவும் அக்காவும் சேர்ந்து ஒரு பெட்டியை வெட்டியபோது எனக்குப் பதினொரு வயது. அக்காவுக்குப் பதினேழு.

அது மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலம். பெரகல சந்தியிலிருந்து மேலே ஏறுகிற பாதையில்தான் எங்கள் தோட்டம் இருந்தது. மழை இல்லை. லயத்து வாசலில் நின்றால் கீழே மொனராகலைப் பக்கத்துச் சமவெளி வெயிலில் வெந்துகொண்டிருப்பது தெரியும். அங்கே வெயில் என்றாலும் எங்களுக்கு இரவில் இரண்டு கம்பளி வேண்டும். கொழுந்து குறைவு, ஆனால் நல்ல தேயிலை வருவது அந்த மாதங்களில்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதனாலேயே வேலைக் கெடுபிடி கூடி, தொழிற்சாலையில் இருந்தவர்கள் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார்கள். அப்பாவும்தான். கொழுந்து வாட்டுகிற மாடியில் பெரிய விசிறிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கையெழுத்துப் போடுவார், பஸ்ஸின் பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பார், அவ்வளவுதான். ஆனால் விசிறியின் சத்தம் மாறினால், லயத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்.

அந்த மாதங்களில் ஒரு நாள் கொழும்பிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. ஒரு கடையில் வேலை செய்தார். அந்தக் கடையில் புதுக் கம்பியூட்டர் வாங்கியதும் பழையதைத் தூக்கிப் போடச் சொன்னார்களாம். அதைப் படுக்கை விரிப்பில் சுற்றி, ரயிலில் ராத்திரி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். திரையை வேறு ஒரு சாக்கில் கட்டியிருந்தார். "பெரியவளுக்குக் குடுங்க. அவதான் கம்பியூட்டர் படிக்கிறாளே" என்றார்.

அந்தப் பெட்டி எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. வெள்ளையாக இருந்து பழுத்துப்போன நிறம். முன்பக்கம் சின்னதாக ஒரு பூட்டு. சாவி எப்போதோ தொலைந்துவிட்டது. போட்டால் முதலில் ஒரு 'பீப்', பிறகு தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு கறகறப்பு. பின்பக்கத்தில் மூக்கை வைத்தால் சுட்ட தூசியின் மணம் வரும். அம்மா திரையின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். எங்கள் காம்பராவில் ஒரு பல்பும் ஒரு பிளக்கும்தான். அக்காவின் இரும்புப் பெட்டிக்கு மேல் பலகை போட்டு அதை வைத்தோம். அடுத்த லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

சரியாகக் கால் மணித்தியாலம் ஓடியது. பிறகு திரை கறுத்துவிட்டது.

ஆறவிட்டுப் போட்டால் மறுபடி கால் மணித்தியாலம். அக்கா ஒரு பாடத்தை அடித்து முடிப்பதற்குள் மூன்று தடவை செத்துப் பிழைத்தது. சனிக்கிழமைகளில் அவள் பண்டாரவளைக்குக் கம்பியூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே பாடம் எடுத்த சேர், "உள்ளுக்கு சூடு ஏறுது. காத்து வர்றதுக்கும் போறதுக்கும் வழி இருக்கான்னு பாரு" என்று சொல்லி அனுப்பினார்.

அம்மா அதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். "இந்தக் குளிருல மனுஷருக்கே பல்லு கிட்டுது. இதுக்கு சூடு ஏறுதாமா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே சாம்பல் நிறத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையான வயர்கள், குறுக்கும் மறுக்குமாக அடைத்துக் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால், உள்ளங்கையில் பாதி அளவில் ஒரு குட்டி ஃபேன். கொழும்புத் தூசி ஏற்கெனவே கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. அதன் மேல் எங்கள் விறகடுப்புப் புகை பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. முன்பக்கத்தில் ஒரு ஊசித் துளைகூட இல்லை.

அப்பா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நெடு நேரம் பார்த்தார்.

"என்னா இது, கொழுந்து மாடிக்கு சன்னலே வைக்காம கட்டின மாதிரி இருக்கு" என்றார். "இங்க பாரு பெரியவ. காத்து ஒரு பக்கமா உள்ள வரணும், எலமேல பட்டு, அடுத்த பக்கமா வெளிய போகணும். நடுவுல சாக்கப் போட்டு அடைச்சா கொழுந்து வாடுமா? அவிஞ்சுதான் போகும்."

"அதேதாம்பா சேரும் சொன்னாரு" என்று அக்கா குதித்தாள். "முன்னுக்கு ஒரு ஃபேன் இழுக்கணும், பின்னுக்கு ஒண்ணு தள்ளணும். இந்த வயரெல்லாம் ஓரமா ஒதுக்கணும்."

"அப்ப வெட்டிருவோம்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அதற்கடுத்த இரண்டு மூன்று ஞாயிறுகள்தான் என் பிள்ளைப் பருவத்திலேயே எங்கள் வீடு சந்தோஷமாக இருந்த நாட்கள். அப்பா என்னையும் அக்காவையும் பதுளைக்குக் கூட்டிப் போனார். பஸார் வீதியின் கடைசியில் ரேடியோ திருத்துகிற ஒரு முஸ்லிம் நானா இருந்தார். அவர் கடையில் உடைந்த சாமான்களுக்கு நடுவே அவருக்கே உட்கார இடம் போதாது. அப்பா கையை வட்டமாக வைத்துக் காட்டினார். நானா ஒரு செத்த கம்பியூட்டரின் வயிற்றிலிருந்து இரண்டு ஃபேன்களைப் பிடுங்கி, எண்ணெய் விட்டு, சுற்றிக் காட்டினார். "தோட்டத்துல கம்பியூட்டரா? நல்லாப் படி மகள்" என்றார் அக்காவிடம். திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா அவற்றை மடியில் வைத்து விரலால் சுற்றிக்கொண்டே வந்தாள்.

அப்பா பால்மா டின் மூடியை முன் தகட்டின் உள்பக்கம் வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டார். மூடி கொஞ்சம் பெரிதென்று அக்கா சொன்னதும், கோட்டுக்கு உள்ளேயே இன்னொரு வட்டம். கைத்துளைப்பானால் கோட்டைச் சுற்றி நெருக்கமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். பிறகு உளியை வைத்து ஒவ்வொரு இடைவெளியாகத் தட்டினார். வட்டத் தகடு டங்கென்று விழுந்தபோது அம்மா குசினியிலிருந்து, "போச்சா?" என்று கத்தினாள். பல்லுப் பல்லாக இருந்த ஓரத்தை அரத்தால் தேய்த்தார். வயர் உரசி அறுந்துவிடக் கூடாது என்று சைக்கிள் வால்வு ட்யூப்பை நீளத்துக்குக் கீறி ஓரம் முழுக்க மாட்டினார். ஃபேன் அதிர்ந்து சத்தம் போடாமலிருக்கப் பழைய ரப்பர் செருப்பை வெட்டித் திருகாணிகளுக்கு அடியில் வைத்தார்.

வயர்கள் அக்காவின் வேலை. பட்டை வயர்களை நீளத்துக்கு மடித்து, மூலையில் சேலை மடிப்பது போலத் திருப்பி, பெட்டியின் ஓரத்தோடு ஒட்டிக் கொண்டுபோனாள். மற்ற வயர்களை ஒன்றாகச் சேர்த்துக் கறுப்பு நூலால் இரண்டு விரற்கடைக்கு ஒரு முடிச்சாகக் கட்டினாள். நூலை அளந்து வெட்டிக் கொடுத்தது நான்.

முடித்துப் போட்டுப் பார்த்தால், அரை மணித்தியாலத்தில் மறுபடி கறுத்தது. அப்பா சாமித் தட்டிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தி முன் ஓட்டைக்கு நேரே பிடித்தார். புகை அவர் முகத்துக்கே திரும்பி வந்தது.

"திருப்பிப் போட்டுட்டோம்" என்றாள் அக்கா. "இது வெளிய ஊதுது."

திருப்பி மாட்டினார்கள். புகை ஒரு நூல் மாதிரி உள்ளே போய், பின்பக்கமாக வந்தது. அன்று மாலை மூன்று மணித்தியாலம் ஓடியது. அப்பா ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பது போல.

அதன் பிறகுதான் அந்த வலை. முன் ஃபேன் காற்றை இழுத்ததோடு அடுப்புக் கரியையும் இழுத்தது. ஒரு கரப்பான் பூச்சி வேறு உள்ளே போய்விட்டது. ஓட்டைக்கு ஒரு மறைப்பு வேண்டும். தொழிற்சாலையில் தேயிலை சலிக்கிற இயந்திரங்களில் பித்தளை வலை இருக்கும். தேய்ந்து கிழிந்ததைக் கழற்றிப் பின்பக்கக் குவியலில் போடுவார்கள். லயத்தில் அந்த வலை இல்லாத வீடு கிடையாது. மா சலிக்க, கோழிக்கூட்டுக்கு, தண்ணீர்க் குழாய் வாய்க்கு என்று எல்லோரும் எடுத்து வருவார்கள். காவல் காக்கிற வாச்சரும் எடுத்துப் போவார். அப்பாவும் ஒரு துண்டு கொண்டு வந்தார். புளி போட்டுத் தேய்த்தார். ஓட்டைக்கு மேல் வைத்து நான்கு திருகாணி முறுக்கியதும், அந்தப் பழுத்த பெட்டியின் முகத்தில் அது தங்கம் மாதிரி மின்னியது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். அதிபர் அக்காவைக் கூப்பிட்டு, கம்பியூட்டரைக் கொண்டு வந்து பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா என்று கேட்டார். அப்பாவும் லீவில் வந்திருந்த மாமாவும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு வகுப்பறை முழுக்க எங்களுக்கே. பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து, காற்று எப்படிப் போகிறது என்று அக்கா ஊதுபத்திப் புகையில் காட்டினாள். நான் சப்பாத்துப் போட்டு, இரட்டைப் பின்னல் பின்னி, அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் அக்காவைத்தான் கேட்டார்கள்.

பகலுக்கு மேல் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் வந்தார். அவர் வரும்போது அறையில் கூட்டமில்லை. அதிபர் கூப்பிட்டு விட்டதால் அக்கா அந்தப் பக்கம் போயிருந்தாள். நான் மட்டும்தான். அவர் குனிந்து பார்த்தார். விரலால் வலையைத் தடவினார்.

"அழகா இருக்கே. யார் பாப்பா செஞ்சது?"

"எங்கப்பாங்க ஐயா. நானும் நூலு வெட்டிக் குடுத்தேன்."

"கெட்டிக்காரிதான். இந்த வல எங்கேருந்து கெடச்சுச்சு?"

"அப்பா பெக்டரிலேருந்து கொண்டாந்தாரு."

"ஓ."

அவர் நிமிரத் தொடங்கினார். என்னோடு பேசிய ஒரே பெரிய மனிதர் அவர். போய்விடுவாரே என்று எனக்கு அவசரமாக இருந்தது.

"வீட்டுல இன்னும் நெறைய இருக்குங்க ஐயா" என்றேன். "சுருட்டி வச்சிருக்காரு. புதுசு."

வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. ஏன் சொன்னேன் என்று இத்தனை வருடமாக யோசித்திருக்கிறேன். அந்த முகம் இன்னும் கொஞ்சம் எனக்கு நேராக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன், வேறு காரணம் கிடைக்கவில்லை. அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது.

தொழிற்சாலைக்கு வந்த புது வலைச் சுருள் ஒன்றைக் காணவில்லை என்பது எனக்குத் தெரியாது. வந்து சேர்ந்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தவர் டீமேக்கர். சாமானோ களஞ்சியத்தில் இல்லை. அவருக்கும் மேலே ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். இது எல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. அக்கா வகுப்புக்குப் போய்விட்டாள். நான் இஸ்தோப்பில் உட்கார்ந்து சுளகில் அரிசி பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். டீமேக்கரும் வாச்சரும் கணக்கப்பிள்ளையும் வந்தார்கள். நடுவில் அப்பா. வேலை உடுப்போடு, தலையில் கொழுந்துத் தூசியோடு.

காம்பராவுக்குள் போய் எல்லாவற்றையும் இழுத்து வெளியே போட்டார்கள். கட்டிலுக்கு அடியில், விறகுப் பரணில், அரிசி டின்னில். அம்மாவின் கல்யாணச் சேலையை வாச்சர் உதறிப் பார்த்தார். மூன்று துண்டுகள் அகப்பட்டன. மா சலிக்கிற வலை, கோழிக்கூட்டில் ஆணியடித்திருந்த ஒன்று, பெட்டியில் இருந்தது. மூன்றும் பழசு.

"சுருள எங்க வித்த?" என்று கேட்டார் டீமேக்கர்.

"எந்தச் சுருளுங்க ஐயா? சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இதெல்லாம் குப்பையில கெடந்ததுங்க. வாச்சரு அண்ணன்கிட்டயே கேளுங்க."

வாச்சர் கோழிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒம் மகளே சொல்லிச்சு, வீட்டுல புதுசா சுருட்டி வச்சிருக்காருன்னு. அப்புறம் என்ன?"

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. கம்பியூட்டர் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் விளக்கம் சொன்ன மகளைத்தான் அவர் நினைத்தார். வேறு எந்த மகள்? நான் சுளகில் குனிந்துகொண்டேன்.

ஐந்து மணி பஸ்ஸில் அக்கா வந்தாள். இறைந்து கிடந்த சாமான்களைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்தாள். அப்பா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஆளுகிட்ட என்னா சொன்ன நீ?"

"எந்த ஆளுகிட்ட?"

"டீமேக்கருகிட்ட. வீட்டுல புதுச் சுருளு இருக்குன்னு சொன்னியா இல்லியா?"

"நான் அவருகிட்ட பேசவே இல்லப்பா!"

"அப்ப யாரு சொன்னது? பேயா சொல்லிச்சு?"

அக்கா அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். காலையில் பொறுக்கி முடித்த அதே அரிசியை நான் மறுபடி சுளகில் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது, நான் நிமிரவில்லை. ஆனால் அதன் பிறகு அவள் ஒரு சொல்லும் பேசவில்லை.

"பாத்தியா, வாயடைச்சுப் போச்சு" என்றார் அப்பா அம்மாவிடம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான்தான், பொய் சொல்லிவிட்டேன் என்று அழுதிருந்தால் இரண்டு அடி விழுந்திருக்கும். அப்பா என்னை இழுத்துக்கொண்டு போய் டீமேக்கர் முன்னால் நிறுத்தியிருப்பார். பிள்ளை உளறியது என்று முடிந்திருக்குமோ என்னவோ. மறுநாள் காலை அக்கா எப்போதும் போல எனக்குத் தலை பின்னிவிட்டாள். சீப்பு வலிக்கவில்லை. வலித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்று பகல் தோட்டத் தலைவர் வீட்டுக்கு வந்தார். தொழிற்சங்கத்தில் எங்கள் தோட்டத்துக்கு அவர்தான் தலைவர். நல்ல மனிதர், இன்றும் அப்படித்தான் சொல்வேன். தோட்டத்தை நடத்துகிற துரையோடு பேசிவிட்டு வந்திருந்தார்.

"பொலிசு வேணாம்னு சொல்லிட்டேன். ஒரு மன்னிப்புக் கடிதம் குடுத்தா தொர விட்டுருவாரு. ஒம் மக டைப் அடிக்குமே, அடிச்சுக் குடுக்கட்டும். மதிப்பா இருக்கும்."

அக்கா அந்தக் கம்பியூட்டரில் உட்கார்ந்தாள். 'கழிவுக் குவியலில் கிடந்த பாவனைக்கு உதவாத பழைய வலைத்துண்டு' என்று அவள் அடித்ததைத் தலைவர் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இவ்வளவு நீளமா தொர வாசிக்க மாட்டாரும்மா. விளக்கம் சொன்னா கோவம்தான் வரும். சுருக்கமா, தோட்டத்துச் சாமான எடுத்தது என் பிழை, மன்னிக்கணும்னு போடு."

"பழசுன்னு ஒரு வார்த்தையாவது போடணுமே ஐயா. இல்லாட்டி அப்பா அந்தச் சுருளையே எடுத்த மாதிரி..."

"சொல்றதக் கேளு" என்றார் அப்பா. முந்தைய மாலைக்குப் பிறகு அவளோடு நேராகப் பேசியது அதுதான்.

அவள் அழித்தாள். ஃப்ளொப்பியில் பதிந்து கொண்டுபோய்ப் பண்டாரவளையில் அச்செடுத்து வந்தாள். அப்பா தன் பெயரை மெல்ல மெல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை விசாரணையில் துரை அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, எடுத்ததாக இவரே எழுதிக் கொடுத்திருக்கிறார், இனி விசாரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டாராம். அப்பாவைத் தொழிற்சாலையிலிருந்து எடுத்து மலை வேலைக்குப் போட்டார்கள். இருபது வருடம் விசிறிச் சத்தத்தைக் கேட்ட மனிதர் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய் நின்றார். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் அந்த வலை இருந்தது. அவர்கள் அதைக் கழற்றி எறிந்தார்கள், புதைத்தார்கள்.

அந்தக் கிழமையில் ஒரு நாள் மாலை அப்பா பெட்டியின் முன்னால் உட்கார்ந்து நான்கு திருகாணிகளையும் கழற்றினார். வலைத்துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தொழிற்சாலை கேட்டுக்கு நடந்தார். நானும் தூரத்தில் பின்னாலேயே போனேன். வாச்சரிடம் நீட்டினார். வாச்சர் வாங்கவில்லை. "வேணாம்ணே, போங்கண்ணே" என்று சொல்வது கேட்டது. அப்பா வலையைக் கேட் கம்பியில் செருகிவிட்டுத் திரும்பி வந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "சின்னவ, ஒனக்கு மட்டுந்தான் எம்மேல பாசம்" என்றார்.

நண்பர்களே, என் வாழ்க்கையில் யாரும் என்னை அதைவிடக் கடுமையாக அடித்ததில்லை.

திறந்து கிடந்த ஓட்டை வழியாக ஒரு நாள் பல்லி உள்ளே போனது. சட்டென்று ஒரு வெடிப்பு, ஒரு புகை. அக்கா பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தாள். அவள் மடித்து மடித்துக் கட்டிய வயர்களுக்கு நடுவில் அது கருகி ஒட்டியிருந்தது. மறுபடி மூடி, படுக்கை விரிப்பால் போர்த்தினாள். வகுப்புக்குப் போவதை நிறுத்தினாள். சான்றிதழ் எடுக்கவில்லை. பண்டாரவளையில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அப்பா அவளோடு ஆறு வருடம் பேசவில்லை. ஒரே காம்பரா, ஒரே பானைச் சோறு. "அவள விளக்க அணைக்கச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்வார்; அவள் இரண்டடி தூரத்தில் இருப்பாள். அடுத்த வருடக் கச்சான் காலத்தில் சுருள் கிடைத்தது. லொறிக்காரன் தவறுதலாகப் பக்கத்துத் தோட்டத்துத் தொழிற்சாலையில் இறக்கிவிட்டுப் போயிருந்தான். சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் கட்டுப் பிரிக்காமலே கிடந்ததாம். தலைவர் ஓடிப்போய்க் கேட்டார். சுருள் வேறு, கடிதம் வேறு என்று பதில் வந்தது. அந்த டீமேக்கர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். அப்பா மலை வேலையிலேயே ஓய்வு பெற்றார். அம்மாவுக்கு நோய் முற்றி, அக்கா பதுளை ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கூடவே கிடந்த பிறகுதான் அப்பா அவளிடம், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவள், "சாப்பிட்டேம்பா" என்றாள். அப்படித் தொடங்கியது. அம்மா பிழைக்கவில்லை.

இப்போது அப்பா அக்கா வீட்டில்தான் இருக்கிறார். அவளுக்குப் பண்டாரவளையில் சொந்தமாக ஒரு கடை. கடிதம், விண்ணப்பம் எல்லாம் அடித்துக் கொடுப்பாள். மகனின் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்த அந்தக் கிழமையே நான் பஸ் ஏறிப் போனேன். கடையில் ஆளில்லாத நேரம் பார்த்துச் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு டீமேக்கருகிட்ட சொன்னது நான்தான்."

அவள் தட்டச்சு செய்வதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்பருந்து?"

"அன்னைக்கே. பொறுக்கின அரிசிய யாருடி மறுபடி பொறுக்குவா?"

"ஏன் சொல்லல?"

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "மொதல்ல ஒன்னக் காப்பாத்தணும்னுதான். நீ சின்னப் புள்ள. அப்புறம் கோவம். ஒம்மேல இல்ல. அப்பா மேல. நான் இல்லன்னு சொன்னப்ப அவரு நம்பல பாரு, நம்பாத மனுஷன்கிட்ட நான் ஏன் போய்க் கெஞ்சணும்னு இருந்துட்டேன். அதுவே ஆறு வருஷமாயிருச்சு."

"இப்ப நான் அப்பாகிட்ட சொல்லப்போறேன்."

அப்போதுதான் அவள் திரும்பினாள். "சொல்லாத."

"அக்கா..."

"சொன்னா ஒனக்கு மனசு லேசாகும். அவருக்கு? எழுவது தாண்டின மனுஷன். ஒரு குத்தமும் செய்யாத புள்ளைய ஆறு வருஷம் ஒதுக்கி வச்சேன்னு இனிமே தூக்கிச் சொமக்கணுமா? இப்பல்லாம் நான் கடையிலேருந்து வர கொஞ்சம் லேட்டானா வாசல்லயே நிக்கிறாரு. அது போதும் எனக்கு. ஒன்னால தாங்க முடியலன்னா நீ வேற யாருகிட்டயாவது சொல்லு."

வேறு யாரிடம் சொல்வது? அதனால்தான் உங்களிடம்.

மத்தியானம் இருவரும் வீட்டுக்குப் போனோம். அப்பா எங்களைக் கண்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா சோறு போட்டாள். நான் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். பதினொரு வயதில் பயத்தால் வாயைத் திறக்கவில்லை. இப்போது அக்கா கேட்டுக்கொண்டதால் திறக்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்பா பிசைந்த கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா சின்னவ, என்னமோ சொல்ல வந்த மாதிரி இருக்கே?"

அக்கா அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன். "சாப்பிடுங்க, சோறு ஆறுது."